தோற்றவர் பக்கம்

சென்ற தவணையில் ஒரு திங்கட்கிழமை. பத்தாந் தரத்து மாணாக்கருக்கு மூவிடப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். தன்மைப் பன்மைக்கு ஒரு வாக்கியம் சொல்லும்படி கேட்டபோது, முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "நாங்கள் அடுத்த சுற்றுக்குத் தெரிவானோம்" என்றான். அது முந்திய வாரத்துச் செய்தி. அவ்வாரம் எமது பாடசாலையின் உதைபந்தாட்ட அணி அயற் பாடசாலை ஒன்றை வென்றிருந்தது. அதன் பின்னர் வந்த சனிக்கிழமையன்று அதே அணி நான்கு கோல்களால் தோற்றுப்போயிற்று. "சரி, சனிக்கிழமை நடந்ததையும் சொல்" என்றோம். அவன் சற்றும் தயங்காமல், "அவர்கள் தோற்றார்கள்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கடைசி வாங்கிலிருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று கோல் காத்தவன் அவன்.

இலக்கணத்தின்படி இரண்டு வாக்கியங்களும் வழுவற்றவை. எனினும் ஒரு வாரத்துக்குள் தன்மை படர்க்கையாகிவிட்டதே! இதைச் சுட்டிக்காட்டியபோது அச்சிறுவன் ஒரு கேள்வி கேட்டான்: "சேர், விளையாடினது அவங்கள்தானே? நாங்கள் ஏன் கவலைப்பட வேணும்?"

சிறுவனின் கேள்விதான், ஆயினும் எளிதில் விடை கூறத்தக்கதன்று. தான் ஆடாத ஓர் ஆட்டத்தில், தான் இழைக்காத ஒரு தவறுக்காக, மனிதன் ஏன் வருந்துகிறான்? அவ்வாறு வருந்துதல் பேதைமையா, அன்றி அதில் ஏதேனும் அறம் உண்டா? தோற்றுக்கொண்டேயிருக்கும் ஓர் அணியை விட்டு நீங்காதிருத்தல் நன்னெறியா, வெறும் பிடிவாதமா? இக்கேள்விகளை விளையாட்டுச் செய்தி எழுதுவோரிடம் விட்டுவிட்டு இலக்கியக்காரர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். நாம் அப்படி ஒதுங்க விரும்பவில்லை.

முதலில், எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நேர்மை. அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏழையின் அடுப்பை அணைத்துவிடும் நாட்டிலே, படித்த இளைஞர் வேலையின்றித் தெருவோரத்தில் நிற்கும் நாட்டிலே, காணாமற் போன பிள்ளையின் படத்தை ஏந்தியபடி தாய்மார் ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் மண்ணிலே, ஒரு பந்து வலைக்குள் புகுந்தமைக்காகக் கண்ணீர் விடுவது ஆடம்பரமன்றோ? விளையாட்டு இன்று பெரும் வணிகம். பந்தயக்காரரும் விளம்பர முதலாளிகளும் இரசிகனின் உணர்ச்சியை விலைபேசி விற்கிறார்கள். இவ்வாறு கூறும் நண்பர்கள் எமக்குப் பலர் உண்டு. அவர்கள் கூற்றிற் பெரும்பகுதி உண்மை என்பதை நாமும் ஏற்கிறோம்.

ஆனால், துயரங்களை வரிசைப்படுத்தி, பெருந்துயருக்கு அழுது முடித்த பின்னரே சிறுதுயருக்கு அழுதல் வேண்டும் என்று விதி செய்ய எவராலும் இயலாது. மனித இதயம் அவ்வாறு இயங்குவதில்லை. 2006ஆம் ஆண்டு ஜேர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடைபெற்றபோது, மூனிச் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். ஜேர்மனி அணி ஆடிய நாட்களில் இதய நோய் அவசர நிகழ்வுகள் ஏனைய நாட்களிலும் 2.66 மடங்காக இருந்தனவென 2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவனின் உடல், ஆடுபவனின் உடலைப் போலவே துடித்திருக்கிறது. ஆகவே இந்நோவைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. உண்மையான நோவை நாம் என்ன செய்கிறோம் என்பதே அறத்தின் பாற்பட்ட வினா.

எமது வகுப்பறைச் சிறுவன் செய்தது புதுமையன்று. 1976ஆம் ஆண்டில் றொபேட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலறிஞரும் அவர்தம் துணைவரும் பல்கலைக்கழக மாணவரிடையே இதனை ஆராய்ந்தனர். சனிக்கிழமை தமது பல்கலைக்கழக அணி வென்றால், திங்கட்கிழமை அப்பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடையணிந்து வருவோர் தொகை கூடியது. ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வெற்றியைக் கூறுகையில் 'நாம்' என்ற சொல் மிகுந்து வந்தது. வெற்றி இல்லாதபோது அச்சொல் அருகிப்போயிற்று. பிறர் ஈட்டிய புகழில் குளிர்காய்தல் என இதனைக் கூறலாம். எமது ஊர்ச் சந்தியிலும் இதனை நாளாந்தம் கேட்கலாம். வென்றால் "வெண்டிட்டம்", தோற்றால் "தோத்திட்டாங்கள்". உலகெங்கும் மனிதன் ஒருவனே.

தமிழுக்கு இங்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கேட்பவனையும் உள்ளடக்கிக்கொள்ளும் 'நாம்' என்றும், அவனை வெளியே நிறுத்தும் 'நாங்கள்' என்றும் தன்மைப் பன்மை எமது மொழியில் இரு கூறாக நிற்கிறது. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கணகாரர். யாரை உளப்படுத்துகிறோம், யாரை வெளியே விடுகிறோம் என்பதை வாய் திறக்கும் ஒவ்வொரு வேளையும் தீர்மானிக்கும்படி மொழியே எம்மைக் கட்டாயப்படுத்துகிறது. வெற்றியில் எதிரியைப் பார்த்து 'நாங்கள்' என்கிறோம். தோல்வியில் அந்த 'நாங்களும்' சிதறி, பதினொரு பேர் தனியே வெளியில் நிற்கிறார்கள்.

வெளியே தள்ளப்பட்டவருக்கு நேர்வது என்ன? 1950ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி, றியோ டி ஜெனீறோ நகரில் உருகுவேயுடன் பிறேசில் மோதியது. ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே பிறேசிலுக்குக் கிண்ணம். ஆயினும் அது 2–1 எனத் தோற்றது. கோல் காத்த பார்போசா, தாம் 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்பழியைச் சுமந்தார். கறுப்பினத்தவர் என்பதனால் அப்பழி மேலும் கனத்தது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தவறுதலாகத் தமது அணியின் கோலுக்குள்ளேயே பந்தைச் செலுத்திய கொலம்பிய வீரர் அந்திரே எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில், யூலை 2ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில், இந்தியா 8 விக்கெற்றுகளை இழந்து 120 ஓட்டங்களுடன் தள்ளாடியபோது, இரசிகர்கள் போத்தல்களை எறிந்து இருக்கைகளுக்குத் தீ மூட்டினர். ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. எமது ஊர்களின் இறுதியாட்டங்கள் கைகலப்பில் முடிவதையும் நாம் கண்டிருக்கிறோம். குறிச்சிக்கொரு கழகம் என அமைந்த மண்ணில், ஆட்டத்திற் பட்ட தோல்வி பழைய சாதிப் பகைக்கு விறகாவதையும் மறைப்பதற்கில்லை. நேசத்திலிருந்து பிறந்த நோவு, பொறுப்பேற்க மறுக்கும்போது கொடுமையாக மாறுகிறது.

இனி, எமது யாழ்ப்பாணத்தவருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். பாடசாலை அணி, ஊர் அணி என்ற அளவில் எமக்கு ஐயமில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கி ஆடிவரும் கிரிக்கெற் போட்டியில், தந்தை நின்ற பக்கத்திலேயே மகனும் நிற்பான். ஆனால் நாட்டு அணி என்று வந்தவுடன், "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எமது வீடுகளில் ஒரு போதும் எளிதாக இருந்ததில்லை.

இலங்கையின் முதலாவது டெஸ்ற் ஆட்டம் 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் ஆரம்பமாயிற்று. 1899ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. அவ்வாட்டத்தில் இங்கிலாந்திடம் 7 விக்கெற்றுகளால் இலங்கை தோற்றது. முதல் வெற்றி பதினான்காவது ஆட்டத்திலேயே, 1985ஆம் ஆண்டு செப்ரெம்பரில், இந்தியாவுக்கு எதிராக அதே மைதானத்திற் கிட்டியது. அத்தோல்விக்கும் அவ்வெற்றிக்கும் இடையில் 1983ஆம் ஆண்டு யூலை மாதம் கிடக்கிறது. தமிழரின் கழகத்து மைதானத்தில் நாட்டின் முதல் வெற்றி. அந்நகரத்திலேயே இரண்டாண்டுகளுக்கு முன்னர் தமிழரின் வீடுகள் எரிந்தன. அந்த வெற்றியை 'நாம்' என்று சொல்ல எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி, லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற நாளில், வலிகாமத்து மக்களுட் பெரும்பாலோர் தமது வீடுகளில் இருக்கவில்லை. முந்திய ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி ஊரோடு எழுந்து நடந்தவர்கள், தென்மராட்சியிலும் வன்னியிலும் பிறர் வளவுகளிலும் பாடசாலைகளிலும் மர நிழல்களிலும் ஒதுங்கியிருந்தார்கள். மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அன்று நாம் சிறு பிள்ளைகள். பெரியவர்கள் பின்னர் கதைக்கக் கேட்டிருக்கிறோம். ஒருவர் மகிழ்ந்ததை வெளியிற் சொல்லவில்லை. இன்னொருவர் அவுஸ்திரேலியா தோற்றமைக்காக மனம் நொந்தார். வேறொருவர், "முரளி எங்கட பெடியன்தானே" என்று தமக்கொரு வழி கண்டுபிடித்தார். மூவரும் ஒரே மாமரத்தின் கீழ் ஒரே வானொலியைக் கேட்டவர்கள். இவர்களுள் எவரையும் குறைகூற எமக்கு உரிமையில்லை.

எதிரணிக்குக் கைதட்டுகிறவனும் ஒருவகையில் தோற்கும் அணியின் இரசிகனே. தனக்கென ஓர் அணி இல்லாமையால் பிறனது அணியை இரவல் வாங்கியவன் அவன். இரவல் வெற்றி நெடுநாள் இனிப்பதில்லை. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆந் திகதி மும்பாயில் இந்தியா இலங்கையை வென்றபோது எமது ஒழுங்கைகளில் வெடி கொளுத்தியவர்கள் இருந்தார்கள். மறுநாட் காலை அவர்கள் வாழ்வில் எதுவும் மாறியிருக்கவில்லை.

1990ஆம் ஆண்டில் நோர்மன் ரெபிற் என்ற ஆங்கில அரசியல்வாதி, இங்கிலாந்திற் குடியேறிய ஆசிய மக்கள் கிரிக்கெற் ஆட்டத்தில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை அவர்தம் விசுவாசத்துக்கு அளவுகோலாக்கினார். அத்தகைய சோதனையின் கொடுமையை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நேசத்தைச் சட்டத்தாலோ அச்சத்தாலோ வரவழைக்க முடியாது. ஒரு மக்கட் கூட்டத்தினர் நாட்டின் அணியைத் தமதென்று கூறத் தயங்குவாராயின், முதலில் விசாரிக்கப்படவேண்டியது அந்த நாடே.

ஆயினும் அண்மையில் எமக்கு ஓர் அனுபவம் நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆந் திகதி, கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை வெறும் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நவெம்பர் 2ஆந் திகதி மும்பாயில், உலகக் கிண்ணத்தில், அதே இந்தியாவிடம் 55 ஓட்டங்கள். ஆசிரியர் அறையில், வாழ்நாள் முழுவதும் "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று கூறிவந்த மூத்த ஆசிரியர் ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "வெக்கக்கேடு" என்றார். எமக்குத் திகைப்பாயிருந்தது. அந்நியனின் பிழைக்காக எவரும் வெட்கப்படுவதில்லை. சினக்கலாம், இரங்கலாம், சிரிக்கலாம், வெட்கப்பட முடியாது. வெட்கம் தமக்குரியவற்றின்மீது மட்டுமே தோன்றும் உணர்ச்சி. வெற்றிகளால் இணைக்க முடியாத அவரை ஒரு தோல்வி எங்கோ இணைத்துவிட்டது. அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதே அவ்விணைப்பின் மதிப்பு.

அந்த வெட்கம் வீணானதுமன்று. வெட்கப்படுகிறவனே கேள்வி கேட்கிறான். 55 ஓட்டத் தோல்வியின் பின்னர், கிரிக்கெற் நிர்வாகத்தைப் பற்றிய கேள்விகள் பாராளுமன்றம்வரை சென்றன. நிர்வாகத்தை அமைச்சர் கலைத்தார். நவெம்பர் 10ஆந் திகதி சர்வதேச கிரிக்கெற் சபை அரசியல் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024ஆம் ஆண்டு சனவரியிலேயே அத்தடை நீங்கியது. மருந்து சரியோ பிழையோ, நோய் உண்டென்பதை மறுத்தவர் எவருமில்லை. தோற்கும் அணியின் மெய்யான நேசன், தோல்விக்குக் காரணம் கேட்பவன். மைதானம் இல்லை, பயிற்றுநர் இல்லை, ஏழைப் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை என்பனவற்றைக் கண்டறிந்து கூறுகிறவன். தோல்வியையே அணியாகப் பூண்டு, "நாம் எப்போதும் தோற்பவர்" என்று உருகிக்கொண்டிருப்பதும் ஒருவகைப் போதையே. அப்போதையை எமது மக்களுக்கு ஊட்டுவோரையும் நாம் அறிவோம்.

வெற்றி மட்டுமே வேண்டுவோருக்கு, அதுவும் சந்தையிற் கிடைக்கிறது. லங்கா பிரீமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிற் கிண்ணம் வென்றது. அவ்வாண்டுகளில் அப்போட்டியின் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. மகிழ்ந்தோம், உண்மைதான், எமது பிள்ளைகள் சிலர் அவ்வணியில் இடம்பெற்றதும் நன்றே. ஆனால் அது முதலாளியின் வெற்றி. நாம் அதற்குச் செய்த தியாகம் என்ன? எதையும் கொடாத இடத்தில் 'நாம்' என்ற சொல் மிக மலிவு.

அந்தச் சொல்லின் விலை பற்றி எமது தலைமுறைக்குச் சொல்ல இன்னொன்று உண்டு. சொல்லக் கூசுகிறது, ஆயினும் சொல்லாதுவிடின் இக்கட்டுரை எழுதியதிற் பயனில்லை. பெரிய களங்கள் இம்மண்ணில் இருந்தன. அவற்றைச் சுற்றியும் பார்வையாளர் இருந்தார்கள். வெற்றிச் செய்தி வந்தபோது, எட்டாத் தொலைவில் இருந்துகொண்டு "அடிச்சிட்டம்" என்று ஆர்ப்பரித்தவர்கள் எத்தனை பேர்! களத்தில் நின்றவை பிறர் பெற்ற பிள்ளைகள். 2009இல் எல்லாம் முடிந்த பின்னர், அந்தத் தன்மைப் பன்மை எவ்வளவு விரைவாகப் படர்க்கையாயிற்று! கால் இழந்தவனும் கணவனை இழந்தவளும் 'அவர்கள்' ஆயினர். ஆர்ப்பரித்தோர் வேறு செய்தி கேட்கப் போய்விட்டார்கள். விளையாட்டை யுத்தத்தோடு ஒப்பிட நாம் முற்படவில்லை, ஒப்பிடவும் கூடாது. விளையாட்டில் இழப்பது நான்கு கோல்களே. அதனாலேதான், விலை சிறிதாயிருக்கும் இடத்திலேயே, சொன்ன 'நாமை'த் திரும்பப் பெறாதிருக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் பயிலுதல் வேண்டும் என்கிறோம். நான்கு கோல்களைக் கூடப் பங்கிட்டுச் சுமக்கத் தெரியாத சமுதாயம் வேறு எதைப் பங்கிடப்போகிறது?

பழந்தமிழ் இதனை அறியாததன்று. வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான். முதுகிற் புண்பட்டமைக்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்ற புலவர், வென்ற மன்னனின் முகத்தெதிரே நின்று, தோற்றவனே நின்னினும் மேலானவன் எனப் பாடினார். பெயரைக் கொண்டு நோக்கின் குயவர் குலத்துப் பெண். பரிசிலுக்காக வென்றவனைப் பாடுவோர் மலிந்த காலத்தில், மண் பிசைந்த மரபில் வந்த ஒரு பெண்ணுக்கே அத்துணிவு வந்தது. தோற்றவன் பெருமை தோல்வியில் இல்லை. அவன் கொண்ட நாணத்தில் இருந்தது என்பதை அவர் கண்டார். அந்த நாணத்துக்காக உயிர் துறத்தல் இன்று நாம் போற்றத்தக்க வழியன்று. ஆயினும் வென்றவனை மட்டுமே காணாத அக்கண் எமக்கு வேண்டும்.

எமது காலத்திலும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கம், 2019ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில், அப்போட்டியில் ஆடிய அனைவரிலும் மிகுந்த கோல்களாக 348 கோல்களை ஈட்டினார். அவருடைய அணி பதினாறு நாடுகளுட் பதினைந்தாம் இடத்தையே பெற்றது. உலகத்தில் அதிக கோல்களைப் போட்டவர் ஏறத்தாழக் கடைசியாக வந்த அணியில் இருந்தார்! பந்து தம் கைக்கு வரும் ஒவ்வொரு வேளையும், முன்னைய ஆட்டத்தின் தோல்வியை எண்ணிக் கை தளர்ந்திருந்தால் அத்தொகை வந்திராது. நன்றாக ஆடுதலும் வெல்லுதலும் இரு வேறு காரியங்கள் என்பதை அறிந்தவர்க்கே தோல்வியில் நிமிர்ந்து நிற்றல் கூடும். பார்ப்பவரும் அதனை அறிதல் வேண்டும்.

ஆகவே அச்சிறுவனுக்கு நாம் அளித்த விடை இது: "நீ கவலைப்பட வேண்டும் என்று எவரும் உன்னைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் போன வாரம் 'நாங்கள்' என்று சொன்னவன் நீ. அச்சொல்லை உனக்கு எவரும் திணிக்கவில்லை, நீயே எடுத்துக்கொண்டாய். இனிப்பாயிருந்தபோது எடுத்ததைக் கசக்கும்போது எறிந்தால், எறியப்படுவது சொல் அன்று. கடைசி வாங்கில் இருக்கும் உன் தோழன்." அவன் ஒன்றும் பேசவில்லை. பாடத்தைத் தொடர்ந்தோம்.

தவணை முடிவதற்குள் எமது அணி மேலும் இருமுறை ஆடியது, இருமுறையும் தோற்றது. கடைசி ஆட்டத்தின் முடிவில், மாலை மங்கும் வேளையில், பார்வையாளர் எல்லாம் கலைந்த பின்னர், இரண்டு மூன்று பிள்ளைகள் கோல் வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வலையின் ஒரு முனையைக் கோல் காத்தவன் பிடித்திருந்தான். மறு முனையைப் பிடித்திருந்தவன் எமது முன்வரிசைச் சிறுவன். கடந்து சென்ற எம்மைக் கண்டதும் அவன், நாம் கேளாமலே, "தோத்திட்டம், சேர்" என்றான்.

நாம் அவனுடைய இலக்கணத்தைத் திருத்தவில்லை.